மர்சன்னா: கொளுத்தி ஆற்றில் தள்ளும் குளிர்காலம்

[காட்சி: ஆற்றங்கரை. கம்பில் கட்டிய வைக்கோல் பொம்மை, தலையில் பூவேலைத் துணி]

மார்ச் மாசம் போலந்துல ஆத்தங்கரைப் பக்கம் போனா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஒரு வைக்கோல் பொம்மையைக் கொளுத்தித் தண்ணியில தள்ளறதைப் பாக்கலாம். அந்தப் பொம்மைதான் மர்சன்னா. குளிருக்கும் சாவுக்கும் உருவம். செக் நாட்டுல மொரானான்னு சொல்வாங்க.

போலந்து, செக் மக்கள் எல்லாம் ஸ்லாவ் இனத்தைச் சேர்ந்தவங்க. இவ அந்த ஸ்லாவ் மக்களோட பழைய தெய்வமா? அடிச்சுச் சொல்ல முடியாது. கிறிஸ்தவம் வர்றதுக்கு முந்தின காலத்துலேர்ந்து அந்த மக்களே எழுதினது எதுவும் மிஞ்சல. 15-ம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யான் த்வூகோஷ் இவளை ரோமானிய விளைச்சல் தெய்வம் செரஸுக்கு இணையா வெச்சார். பாருங்க, குளிர்கால தெய்வம்னு அவர் சொல்லல! ஆனா சடங்குக்கு ஆதாரம் கெட்டி. 1420-ல போலந்து நகரமான போஸ்னான்ல கூடின ஆயர் மாமன்றம், அதாவது திருச்சபைக் கூட்டம், இதைத் தடை பண்ணுச்சு. யாரும் செய்யாத ஒண்ணுக்கு எதுக்குத் தடை?

[காட்சி: பொம்மை கட்டும் கைகள், நெருக்கத்தில்]

ரெண்டு கம்பைக் குறுக்கா வெச்சுக் கட்டி, மேல வைக்கோலைச் சுத்தி, சணல் கயிறால இறுக்கணும். 30 செ.மீ. பொம்மையும் உண்டு, ஆள் உயரமும் உண்டு. வெள்ளைத் துணி, தலைக்கு முக்காடு, கழுத்துக்கு மணிமாலை. சில ஊர்ல கல்யாணப் பொண்ணு மாதிரியே அலங்காரம்.

வைக்கோல் நல்லாக் காஞ்சிருக்கணும். ஈரமா இருந்தா புகையுமே தவிர எரியாது. எரியாத வைக்கோல் தண்ணியில முங்கவும் முங்காது, மிதந்துபோய் நாணல்ல சிக்கிக்கும். பிளாஸ்டிக் மணி, நைலான் துணி வேண்டவே வேண்டாம். அது உருகி ஆத்துலயே தங்கிடும்.

[காட்சி: ஊர்வலம்]

பழைய கணக்குப்படி நாள், தவக்காலத்தின் நாலாம் ஞாயிறு. அதாவது ஈஸ்டருக்கு 3 வாரம் முன்னாடி. இப்பல்லாம் பெரும்பாலும் மார்ச் 21. பிள்ளைங்க ஜூனிபர்ங்கற ஊசியிலைச் செடியோட கிளையை வெச்சுக்கிட்டு வீடு வீடா பொம்மையைத் தூக்கிட்டுப் போவாங்க. வழியில கண்ட குட்டை, தொட்டி எல்லாத்துலயும் ஒரு முக்கு முக்குவாங்க. சாயங்காலம் இளவட்டங்க கைக்கு மாறும். ஜூனிபர் கிளையைக் கொளுத்தி, அதுலேர்ந்து பொம்மைக்குத் தீ வெச்சு, ஆத்துல வீசிடுவாங்க.

அதுக்கப்புறம்தான் கட்டுப்பாடு. தண்ணியில விழுந்த பொம்மையைத் தொடக் கூடாது, தொட்டா கை வாடிடும்னு பயம். வீடு திரும்பும்போது பின்னாடி பாத்தா நோய் வரும். தடுக்கி விழுந்தா, அந்த வருஷத்துக்குள்ள வீட்டுல ஒரு சாவு.

[காட்சி: ரிப்பன் கட்டிய பச்சைக் கிளை]

இதோட முடிஞ்சதுன்னு பலபேர் நினைக்கறாங்க. இல்ல, பாதிதான் ஆயிருக்கு. சாவை வெளிய அனுப்பின ஊருக்குள்ள வசந்தத்தைக் கூட்டிட்டு வரணும். அதுதான் காயிக்: ரிப்பன், காகிதப் பூ, உள்ளீடு ஊதி எடுத்த முட்டை ஓடு கட்டின பைன் கிளை. பொண்ணுங்க அதை ஏந்தி வீடு வீடா பாடுவாங்க, வீட்டுக்காரங்க ஏதாவது கொடுத்தனுப்புவாங்க. இன்னிக்குப் பள்ளிக்கூடங்கள்ல பெரும்பாலும் இந்தப் பாதியை விட்டுடறாங்க. அதனாலதான் பாக்கறவங்களுக்கு இது வெறும் பொம்மை எரிக்கற விளையாட்டாத் தெரியுது.