சின்னக் குளத்துக்கு எத்தனை வாட் பம்ப்?

வணக்கம் நண்பர்களே. காட்பாடியில் எங்கள் வீட்டுத் தோட்டத்திலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் தெரிவதுதான் குளம்; வேலூர்க் கோட்டை அகழியைப் பார்த்து வளர்ந்தவர்கள் இதைத் தொட்டி என்றுதான் சொல்வார்கள். இரண்டரை மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், அறுபது சென்டிமீட்டர் ஆழம். ஆக, 3000 லிட்டர் தண்ணீர். மீன் இருப்பதால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இவ்வளவும் வடிகட்டி வழியாகச் சுற்றி வர வேண்டும். அதாவது மணிக்கு 1500 லிட்டர்.

கடைக்காரர், மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருக்கும் அரை எச்.பி. மோனோபிளாக்கை எடுத்து வைத்து, "தண்ணீர் நன்றாக அடிக்கும்" என்றார். அடிக்கும்தான். ஆனால் மேல்நிலைத் தொட்டியை நிரப்பும் மோட்டார் தினம் அரை மணி நேரம் ஓடினால் போதும். குளத்துப் பம்போ இரவும் பகலும் ஓட வேண்டியது. அரை எச்.பி. என்பது 373 வாட். மோட்டாரின் இழப்பைச் சேர்க்காமலேயே, அறுபது நாளில் 537 யூனிட் ஆகிவிடும். வீட்டுக்குக் கிடைக்கும் இலவச மின்சாரம் இதற்குப் போதவே போதாது! நான் வாங்கியது 35 வாட் நீர்மூழ்கி பம்ப். அதே அறுபது நாளுக்கு ஏறக்குறைய 50 யூனிட்.

இரவில் நிறுத்திவிடலாமே என்று சிலர் கேட்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும்; பாசியும் இரவில் ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதால், விடியற்காலையில்தான் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். பேட்டரி இல்லாத சோலார் பம்பை நான் ஒதுக்கியதும் இதனால்தான்.

அட்டைப்பெட்டியில் மணிக்கு 3000 லிட்டர் என்று போட்டிருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது தண்ணீரை மேலே ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. பக்கத்திலேயே அதிகபட்ச ஹெட், அதாவது தண்ணீரை ஏற்றும் உயரம், 2.5 மீட்டர் என்று இருந்தால், அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது என்று பொருள். குளத்தில் தண்ணீர் விழ நீங்கள் அமைக்கும் அருவி எத்தனை அடி உயரமோ, அந்த உயரத்தில் எவ்வளவு வரும் என்ற அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

நான் செய்த தவறு வேறு. வீட்டில் கிடந்த அரை அங்குல டியூபை மாட்டிவிட்டேன். அருவி வாயில் 15 லிட்டர் பக்கெட்டை வைத்துப் பார்த்தால், நிரம்ப 54 விநாடி; மணிக்கு 1000 லிட்டர்தான். டியூபைக் கழற்றி ஒரு அங்குலக் குழாய் போட்டதும், அதே பம்ப் 30 விநாடியில் நிரப்பிவிட்டது. பெரிய பம்ப் வாங்க ஓடுவதற்கு முன் குழாயைப் பாருங்கள்.

தண்ணீருக்குள் மின்சாரம் போவதால், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத இணைப்பில் மாட்டவே கூடாது.

இன்னொன்று, எங்கள் போர்வெல் உப்புத் தண்ணீர். நாலு மாதம் கழித்துப் பக்கெட் நிரம்ப 41 விநாடி ஆனது. பிளக்கைப் பிடுங்கி, பம்பை வெளியே எடுத்து மூடியைத் திறந்தால், தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லரில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. இரவு முழுவதும் வினிகரில் ஊற வைத்தால் மீன்கள் தவிக்கும் என்பதால், ஒரு மணி நேரம் மட்டும் ஊற வைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவி மாட்டினேன். இப்போது 31 விநாடி.