31 கண்ணி போடுங்க, 32 போட்டுடாதீங்க: முதல் ஸ்கார்ஃப் ஏன் கோடு கோடா போகுது?

[திரையில்: மேசை மேல ரெண்டு பின்னல் துண்டு. ஒரே மஞ்சள் நூல்.]

வணக்கம் மக்களே! இந்த ரெண்டு துண்டையும் கொஞ்சம் உத்துப் பாருங்க. ஒரே நூல், ஒரே ஊசி, ரெண்டுக்கும் ஒரே கணக்கு: ஒரு நிட், ஒரு பர்ல், ஒரு நிட், ஒரு பர்ல்... நிட், பர்ல்ங்கறது ஊசிப் பின்னலோட ரெண்டு அடிப்படை அசைவு, எப்படிப் போடறதுன்னு அப்புறம் சொல்றேன். எல்லா வரிசையும் நிட்லதான் ஆரம்பம். ஆனா இடது பக்கம் இருக்கறது ஜவ்வரிசியைப் பரப்பி வெச்ச மாதிரி மணி மணியா, தட்டையா படுத்துக் கிடக்கு. வலது பக்கம் இருக்கறது பனியன் கழுத்துப்பட்டி மாதிரி கோடு கோடா சுருங்கிப்போச்சு.

இடதுல 31 கண்ணி, அதாவது ஊசியில ஏத்தின நூல் வளையம். வலதுல 32. வேற ஒரு வித்தியாசமும் இல்ல!

முதல் ஸ்கார்ஃப் போடறவங்கள்ல பாதிப் பேர் கவுந்து விழற இடம் இதுதான். ஏன்னு சொல்றேன். புரிஞ்சிட்டா யூடியூப்ல வரிசை வரிசையா நிறுத்தி நிறுத்திப் பார்க்கற வேலையே மிச்சம். என்னோட வீடியோவையும் சேர்த்துத்தான் சொல்றேன், பரவால்ல.

"கோலாலம்பூர் வெயில்ல ஸ்கார்ஃபா, மண்டை குழம்பிப்போச்சா?"ன்னு கமெண்ட்ல கேக்கப்போறவங்களுக்கு: ராத்திரி எக்ஸ்பிரஸ் பஸ் ஏர்கோன், சினிமா தியேட்டர், கெந்திங், கேமரன் மலை. பதில் முடிஞ்சது.

வரலாறு ஒரே மூச்சுல. கிடைச்ச பழைய பின்னல்கள்ல பல எகிப்துல கிடைச்ச பருத்திக் காலுறைங்க. அதனால பின்னல்னா குளிர் தேசத்துச் சமாச்சாரம்னு நினைக்காதீங்க. 1589ல வில்லியம் லீ காலுறை பின்னற இயந்திரத்தை இங்கிலாந்துல செஞ்சாரு. போதும், கடைக்குப் போவோம்.

[திரையில்: நூல் உருண்டை, அதோட லேபிள் பெருசா.]

நூல் 200 கிராம். 100 கிராமுக்கு ஏறக்குறைய 200 மீட்டர் வர்ற நடுத்தரத் தடிமன், லேபிள்ல "வொர்ஸ்டட்"னு போட்டிருக்கும். இதை 5 மில்லிமீட்டர் ஊசியில 31 கண்ணி போட்டா அகலம் சுமார் 18 சென்டிமீட்டர் வரும், நீளம் 150 வரை இழுக்கலாம். கை இறுக்கமா தளர்ச்சியாங்கறதைப் பொறுத்து ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் முன்னப்பின்ன ஆகும், ஸ்கார்ஃப்தானே, எந்தக் கழுத்தும் கோச்சுக்காது.

வெளிர் நிறமா எடுங்க. கறுப்பு, கருநீலம் வேண்டவே வேண்டாம், கண்ணி கண்ணுக்கே தெரியாது. புசுபுசுன்னு முடி நீட்டிட்டு இருக்கற நூலும் வேண்டாம். அது மணியை மூடிடும், தப்பு செஞ்சா பிரிக்கவும் விடாது. நம்ம ஊர்ல எங்க பார்த்தாலும் கிடைக்கற மில்க் காட்டன் நல்ல நூல்தான், ஆனா இதைவிட மெலிசு. அதை வாங்கினா லேபிள்ல எழுதியிருக்கற ஊசி அளவை எடுத்துக்கிட்டு, 41, 43ன்னு கண்ணியை ஏத்துங்க. ஒற்றைப்படை, மறக்காதீங்க.

எல்லா உருண்டையையும் ஒரே நாள்ல வாங்குங்க, லேபிள்ல சாயத் தொகுதி எண் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. "அடுத்த மாசம் சம்பளம் வந்ததும் மிச்சத்தை வாங்கிக்கலாம்"னு விட்டா அதே மஞ்சள் வேற மஞ்சளா வந்து நிக்கும்.

ஊசி மூங்கில்ல. நம்ம ஊர்ப் புழுக்கத்துல கை வேர்க்கும், அலுமினிய ஊசியில புதுசா பழகறவங்களுக்குக் கண்ணி வழுக்கி வழுக்கி ஓடும். மூங்கில் பிடிச்சு வெச்சுக்கும். இன்னொண்ணு, ஊசி மேல இருக்கற வெறும் எண்ணை நம்பாதீங்க. அமெரிக்க 8ம் பழைய பிரிட்டிஷ் 6ம் ஒரே 5 மில்லிமீட்டர்தான். மில்லிமீட்டரை மட்டும் கேளுங்க.

ரொட்டி சானாய் சாப்பிட்ட கையோட உக்காராதீங்க. பருப்புக் குழம்போட மஞ்சள் கறை நூல்ல ஏறினா போகாது. நூலே மஞ்சள்னா உங்க அதிர்ஷ்டம்.

[திரையில்: கை மட்டும். நூல் வால் அளந்து விடறது.]

கண்ணி ஏத்தறது, காஸ்ட் ஆன். நீள வால் (லாங் டெயில்) முறையில செய்யுங்க, அதாவது நூலோட நுனியை நீளமா வால் மாதிரி விட்டு, அதையும் சேர்த்துக் கண்ணி போடறது. வாலுக்கு எவ்வளவு நூல் விடணும்? ஸ்கார்ஃப் அகலத்தைப் போல மூணு மடங்கு, மேல ஒரு சாண். 18 சென்டிமீட்டர் அகலத்துக்கு 75 விட்டா தாராளம். முதல் சுருக்கு முடிச்சும் ஒரு கண்ணி, அதையும் எண்ணணும். அதை விட்டுட்டு எண்ணறதுதான் 32 ஆகறதுக்கு முதல் காரணம்! கை இறுக்கமா இருக்கறவங்க ரெண்டு ஊசியையும் சேர்த்துப் பிடிச்சு அது மேல ஏத்துங்க, அப்புறம் ஒண்ணை உருவிடுங்க. இல்லன்னா கீழ் ஓரம் பை வாய் மாதிரி சுருங்கிடும்.

இப்ப நிட்டும் பர்லும். நிட்டுக்கு நூல் பின்னால. வலது ஊசி கண்ணிக்குள்ள முன்னாலிருந்து பின்னால போகணும், நூலைச் சுத்தி, முன்னால இழுத்து, பழைய கண்ணியைக் கழட்டி விடணும். பர்லுக்கு நூல் முன்னால. ஊசி வலதுலேர்ந்து இடது பக்கமா கண்ணி முன்னாலேயே நுழையும், நூலைச் சுத்தி, பின்னால தள்ளி, கழட்டி விடணும். ரெண்டையும் தனித்தனியா பத்து வரிசை பழகிட்டு வாங்க.

வந்துட்டீங்களா? இனிமேதான் விஷயமே.

நிட்டும் பர்லும் ரெண்டு தையல் இல்ல. ஒரே கண்ணியோட முன்னும் பின்னும். நீங்க நிட் போட்டது, துணியைத் திருப்பினா பர்லா தெரியும். பர்ல் போட்டது நிட்டா தெரியும். பர்லா தெரியற பக்கம் சின்ன மணி மாதிரி புடைச்சு நிக்கும். அதனால நிட்–பர்ல் டிசைன் எல்லாமே ஒரே கேள்விதான்: மணியை எங்க வைக்கறது?

இதை நமக்கு யாரும் சொல்லித்தரவே வேண்டாம். பொங்கலுக்கு வாசல்ல குந்திட்டு உக்காந்து புள்ளி வெச்சவங்களுக்கு ஏற்கனவே தெரியும்.

[திரையில்: தரையில மாவுப் புள்ளி. இடது பக்கம் நேர்ப்புள்ளி, வலது பக்கம் ஊடுபுள்ளி.]

கோலத்துல ரெண்டு வகைப் புள்ளி. நேர்ப்புள்ளின்னா ஒரு புள்ளிக்கு நேர் மேல அடுத்த புள்ளி. ஊடுபுள்ளின்னா கீழ் வரிசையில ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்கற சந்துல மேல் வரிசைப் புள்ளி. "15 புள்ளி, 8 வரை ஊடுபுள்ளி"ன்னு கோல நோட்டுல எழுதியிருக்கும் பாருங்க, அதேதான்.

பர்ல் மணியைப் புள்ளின்னு வெச்சுக்குங்க. மணிக்கு நேர் மேல மணி வந்தா, நேர்ப்புள்ளி, அது ரிப். கோடு கோடா சுருங்கும், ஸ்வெட்டர் கைக்கும் இடுப்புக்கும் போடறது. மணி சந்துல ஏறினா, ஊடுபுள்ளி, அது மாஸ் தையல். நாம போடப்போற ஸ்கார்ஃப்.

சரி, 31ம் 32ம் இங்க எங்க வருது? விரல் விட்டு எண்ணுங்க. 31 கண்ணியில நிட்ல ஆரம்பிச்சு மாத்தி மாத்திப் போனா கடைசிக் கண்ணியும் நிட்லதான் முடியும். துணியைத் திருப்பறீங்க. அந்தக் கடைசி நிட் இப்ப மணியா உங்களைப் பார்க்குது. அது மேல மறுபடி நிட் போடறீங்க. மணி வெச்ச இடத்துல மணி விழல, தள்ளி விழுது. ஊடுபுள்ளி! 32ன்னா கடைசிக் கண்ணி பர்ல்ல முடியும். திருப்பினா அது நிட்டா தெரியும், அது மேலயும் நிட். அதே இடத்துல அதே. நேர்ப்புள்ளி, கோடு. கோலத்துல ஒரு புள்ளி கூடிப்போனா கடைசியில கம்பி சேராம முழிப்போமே, அந்த முழிதான் இதுவும்.

32 போட்டே தீருவேன்னு அடம்பிடிச்சா அதுக்கும் வழி இருக்கு: ஒரு வரிசையை நிட்லயும் அடுத்ததை பர்ல்லயும் ஆரம்பிக்கணும். ஆனா டீ குடிக்க எழுந்து போயிட்டு வந்து எந்த வரிசையில நின்னோம்னு யாருக்கு ஞாபகம் இருக்கு? 31 போதும்.

இப்ப எண்ணவே தேவையில்லாத வழி. ஊசியில தொங்கற கண்ணியை ஒரு முகம்னு நினைச்சுக்குங்க. கழுத்தைப் பாருங்க. கழுத்தை ஒட்டி அட்டிகை போட்ட மாதிரி ஒரு குறுக்குக் கோடு இருந்தா, அது மணி. வி கழுத்து ஜிப்பா மாதிரி ரெண்டு கால் சாஞ்சு இறங்கினா, அது நிட். மாஸ் தையலுக்கு விதி ஒண்ணே ஒண்ணு: அட்டிகைக்கு நிட், ஜிப்பாவுக்கு பர்ல். இதைத் தாள்ல எழுதி ஒட்டி வெச்சுக்குங்க. ஃபோன் அடிச்சு பாதியில நிறுத்தினாலும், ரயில்ல தூங்கி எழுந்தாலும், கழுத்தைப் பார்த்தா அடுத்தது என்னன்னு தெரிஞ்சிடும். இந்தக் கழுத்து விஷயம் பிடிச்சிருந்தா லைக் போடுங்க, பிடிக்கலன்னா ஏன்னு சொல்லிட்டுப் போங்க.

[திரையில்: துண்டுல ஒரு ஓட்டை. பென்சில் முனை காட்டுது.]

31 போட்டுத்தான் ஆரம்பிச்சேன், இருந்தும் பத்தாவது வரிசையில கோடு வருதுன்னா? எண்ணுங்க. 32 இருக்கும். எங்கிருந்து வந்துச்சு?

பெரும்பாலும் நூலை முன்னும் பின்னும் மாத்தற இடத்துல. நிட்லேர்ந்து பர்லுக்குப் போகும்போது நூல் ரெண்டு ஊசி முனைக்கும் நடுவுல இருக்கற இடைவெளி வழியா முன்னால வரணும். ஊசி முதுகு மேல ஏறி வந்துச்சுன்னா அந்த ஏறின நூல் அடுத்த வரிசையில ஒரு கண்ணியா உக்காந்துக்கும், அடியில சின்னதா ஒரு ஓட்டை. அடுத்த வரிசையிலேயே பார்த்துட்டா பின்னாம கழட்டி விடுங்க, தானா சரியாகும். ஏழெட்டு வரிசை தாண்டிடுச்சா, பிரிச்சுடுங்க. ஓரத்துல ரெண்டைச் சேர்த்துப் பின்னி எண்ணிக்கையை ஒப்பேத்தலாம்தான், ஆனா நடுவுல வந்த கோடு அங்கேயே நின்னு உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

இன்னொரு இடம் வரிசையோட முதல் கண்ணி. நூலை மேல இழுத்துப் பிடிச்சா அந்த ஒரு கண்ணி ரெண்டு காலும் தெரிய ரெண்டு கண்ணி மாதிரி நிக்கும், ரெண்டையும் பின்னிடுவோம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நூலை ஊசிக்குக் கீழ இழுத்துப் பாருங்க, ஒண்ணாயிடும்.

கண்ணி நழுவிச்சுன்னா பதறாதீங்க. குரோஷே கொக்கி ஊசியால ஏணிப்படி மாதிரி ஒவ்வொரு படியா ஏத்தலாம். ஆனா மாஸ் தையல்ல ஒரு படி முன்னாலிருந்து, அடுத்த படி பின்னாலிருந்து ஏத்தணும். எல்லாத்தையும் முன்னாலிருந்தே ஏத்தினா அந்த ஒரு தூண் மட்டும் வழுவழுன்னு தனியா தெரியும்.

எதுக்கு இவ்வளவு மணி, வெறும் நிட் ஒரு பக்கம், பர்ல் ஒரு பக்கம்னு வழுவழுன்னே போட்டுட்டா என்ன? சுருண்டுக்கும். ரெண்டு ஓரமும் பின்பக்கமா, மேலயும் கீழயும் முன்பக்கமா, வெற்றிலைச் சுருள் மாதிரி. எல்லாக் கண்ணியும் ஒரே பக்கமா இழுக்குது. மாஸ்ல ஒண்ணு இப்படி, ஒண்ணு அப்படி இழுத்து இழுபறி சமமாயிடுது. சுருண்ட ஸ்கார்ஃபை இஸ்திரி போட்டு நிமித்தலாம்னு பார்க்காதீங்க. அக்ரிலிக் நூல் சூட்டுல இளகி தொளதொளன்னு ஆகி, அப்படியே நிரந்தரமா நின்னுடும்.

பெயர்க் குழப்பம் ஒண்ணு, ஒரே வரியில: பிரிட்டிஷ்காரங்க மாஸ்னு சொல்றதை அமெரிக்கர்கள் சீட்ங்கறாங்க, அவங்க மாஸ்னா ரெண்டு வரிசைக்கு ஒரு தடவை மாறற வேற தையல்.

கட்டம் கட்டமா கெத்துபாட் ஓலை முடைஞ்ச மாதிரி டிசைன் வேணும்னு ஆசையா? நாலு நிட், நாலு பர்ல்னு போய் இடம் மாத்தணும். நாலு கண்ணிக்கு நாலு வரிசையில மாத்தினா கட்டம் சப்பையா வரும், ஏன்னா கண்ணி உயரத்தைவிட அகலம் ஜாஸ்தி. ஆறு வரிசைக்கு ஒரு தடவை மாத்துங்க, சதுரம். அது இன்னொரு வீடியோ, கேக்கறவங்க எண்ணிக்கையைப் பார்த்துட்டுப் போடறேன்.

[திரையில்: கடைசி வரிசை. நூல் ஸ்கார்ஃப் அகலத்துக்கு மேல நாலு தடவை மடிச்சுக் கிடக்குது.]

150 சென்டிமீட்டருக்கு சுமார் 430 வரிசை. பெருக்கிப் பார்க்காதீங்க, 13,330 கண்ணின்னு தெரிஞ்சா கை விட்டுடும். புது உருண்டையை வரிசை ஆரம்பத்துல சேருங்க, நடுவுல முடிச்சுப் போடாதீங்க. கையில இருக்கற நூல் ஒரு வரிசைக்குப் போதுமான்னு பார்க்க, ஸ்கார்ஃப் அகலத்துக்கு மேல நாலு தடவை மடிச்சுப் பாருங்க. நாலு வந்தா போதும். முடிக்கற வரிசைக்கு ஒரு மீட்டர் ஒதுக்கி வைங்க, அதையும் அதே நிட்–பர்ல் முறையிலேயே, தளர்வா முடிங்க.

நூலை 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்க. மொட்டை ஊசியில கோத்து மணிகளோட தடத்துலேயே அஞ்சு சென்டிமீட்டர் போய், திரும்பி ரெண்டு சென்டிமீட்டர் வாங்க. ஒட்ட நறுக்கினா முதல் சலவையிலேயே அவுந்துடும்.

சலவைன்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஈரத்தோட கொடியில தொங்க விடாதீங்க. தண்ணியோட எடையில 150 சென்டிமீட்டர் ஸ்கார்ஃப் வேட்டி நீளத்துக்கு இறங்கிடும். முறுக்காம, துண்டுல சுருட்டி மிதிச்சுத் தண்ணியை எடுத்துட்டு, பாய் மேல தட்டையா விரிச்சு, மேல ஃபேனைச் சுத்த விடுங்க. மழைக்காலம்னா ரெண்டு நாள் ஆகும், பூனை வளர்க்கறவங்க கதவைச் சாத்தி வைங்க.