கட்டிலைச் சுற்றி எத்தனை பேர்?

வணக்கம் நேயர்களே. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்குப் போனால் எனக்கு முறுக்குத் தட்டோடு ஒரு கேள்வியும் வரும். "டாக்டர், மகன் சர்ஜன் ஆகணும்ங்கிறான். எந்தக் காலேஜில் போடலாம்?"

எந்தக் கல்லூரியும் சர்ஜனை உருவாக்கித் தராது என்றால் பெற்றோர் முகம் வாடிவிடும். ஆனால் கணக்கு அதுதான். ஐந்தாண்டு படித்தால் டாக்டர். அப்புறம் இங்கே மலேசியாவில் இரண்டாண்டு ஹவுஸ்மன்ஷிப், அதாவது மருத்துவமனையில் பயிற்சி டாக்டர் வேலை, நான்கு மாதத்துக்கு ஒரு துறை. பிறகு சில ஆண்டுகள் மருத்துவ அதிகாரி வேலை. அதற்கு மேல்தான் நான்காண்டு முதுநிலை அறுவைப் பயிற்சி. பையனுக்கு முப்பது தாண்டிவிடும்.

அப்படியானால் கல்லூரியில் எதைப் பார்ப்பது? முதலில், அங்கீகரிக்கப்பட்ட பட்டங்களின் பட்டியலான, நம் நாட்டு 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் அந்தப் பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏஜெண்டின் வாய்வார்த்தை போதாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அதை நம்பி மகளை வெளிநாடு அனுப்பிவிட்டுப் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அடுத்து, கல்லூரிக்கு நேரில் போங்கள். விளம்பர மேசையில் இருப்பவரை விட்டுவிட்டு, ஐந்தாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். "வார்டில் ஒரு கட்டிலைச் சுற்றி எத்தனை பேர் நிற்பீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பின்வரிசையில் நிற்பவன் குடல்வால் அழற்சி வந்த வயிற்றைத் தொட்டே பார்க்காமல் தேர்வு எழுதிவிடுவான். பாஸும் ஆகிவிடுவான். அதுதான் பயம்.

வார்டு எந்த ஊரில் இருக்கிறது என்றும் பாருங்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் பினாங்கில் இருக்கிறது, ஆனால் அதன் மருத்துவப் படிப்பு கிளந்தான் குபாங் கிரியானில். பினாங்கில் இருக்கும் ஐரிஷ் கல்லூரியிலோ முதல் பாதி டப்ளினில், நோயாளிகளோடு பழகும் பிற்பாதி பினாங்கில். டப்ளின் கட்டணத்தை யூரோவில் கட்ட வேண்டியிருக்கும், சரி, அது தனிக் கவலை.

உடற்கூறு எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்பதையும் விசாரியுங்கள். கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் 2012இல் 'மௌன ஆசான்' திட்டம் தொடங்கியது. உடல்தானம் செய்தவரை அங்கே வெறும் பிணமாக நடத்துவதில்லை. அவர் யார், எப்படி வாழ்ந்தார் என்று குடும்பத்தாரிடம் கேட்டறிந்த பிறகுதான் கத்தியைத் தொடுகிறார்கள். இதை எந்த சிமுலேட்டர் பொம்மையும் கற்றுத்தராது என்பது என் கட்சி.

கடன் விஷயம் பலருக்குக் கசக்கும். 2016 டிசம்பரிலிருந்து அரசு மருத்துவமனைகளில் புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள்; நிரந்தர வேலை நிச்சயமில்லை. வீட்டை அடகு வைத்துப் படித்த பிள்ளைக்கு நீண்ட அறுவைப் பயிற்சிக்குப் பொறுமை இருக்காது. சீக்கிரம் கிளினிக் திறந்து கடனை அடைக்கத்தான் பார்க்கும். கட்டணம் குறைந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால், பெயருக்காக அதை விடாதீர்கள்.

இன்னொன்று, பிள்ளையின் கையையும் கவனியுங்கள். மாணவனாக இருந்தபோது வீட்டு நாற்காலிக் காலில் நூல் கட்டி, அறுவையில் தையலுக்குப் போடும் ஒற்றைக் கை முடிச்சுப் பழகுவேன். பக்கத்தில் அம்மா வெள்ளிக்கிழமைப் பூஜைக்கு மல்லிகை கட்டிக்கொண்டிருப்பார். ஒருநாள் என் முடிச்சை விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தார். "இதில் பூ நிற்காதுப்பா" என்றார்.