சுவரைத் தட்டிக் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டு வெளிச்சுவரில் பூச்சு விரிவது, உப்புவது, உதிர்வது பற்றி வானொலியில் பேச வேண்டும் என்று கூப்பிட்டபோது எனக்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. விரிசலைக் காட்டாமல் விரிசலைப் பற்றி எப்படிப் பேசுவது? அப்புறம் யோசித்தால், அனுபவப்பட்ட கொத்தனார் பாதிக் கோளாறைக் காதால்தான் கண்டுபிடிக்கிறார். அதனால் சத்தத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு ரூபாய் நாணயத்தை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். பூச்சு செங்கல்லோடு ஒட்டியிருக்கும் இடத்தில் 'டிக் டிக்' என்று கெட்டியாகக் கேட்கும். பிடிப்பு விட்ட இடத்துக்கு வந்ததும் சத்தம் மாறிவிடும். பழுத்த பலாவைத் தட்டினால் வருமே, அந்த 'டொப் டொப்'. பதர் நெல்லைப் போல, வெளியே தோல் மட்டும்தான், உள்ளே காற்று. பெயிண்ட் புதிதாகப் பளபளத்தாலும் இந்தச் சத்தம் மறையாது. கேட்கும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தால், ஒரு மணி நேரத்தில் சுவரின் ஜாதகமே கையில் இருக்கும்.

விரிசலைப் பார்த்ததும் பயந்து போகிறவர்களும் உண்டு, பட்டி வைத்து மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் உண்டு. இரண்டு பேருமே அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பதில்லை.

முடி கனத்தில், காய்ந்த குளத்து வண்டல் வெடித்தது போலச் சுவர் முழுக்க வலை பின்னியிருந்தால் அது பூச்சோடு நின்றுவிடும் கோளாறு. கலவையில் சிமெண்ட் அதிகம், மணலில் தூசி அதிகம், அல்லது பூசிவிட்டு ஒழுங்காகத் தண்ணீர் காட்டவில்லை. தூண், பீம் விளிம்பை ஒட்டி நேர்கோடாக ஓடினால் கான்கிரீட்டும் செங்கல்லும் வெயிலில் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன என்று பொருள். அந்தச் சேர்மானத்தில் பூசுவதற்கு முன்பே கம்பி வலை அடித்திருக்க வேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்புவதும், செங்கல் வரிசையைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக இறங்குவதும் வேறு ரகம். கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும்; மேலே நிற்கும் வீடும் கூடவே அசையும். இப்படிப்பட்ட விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போகட்டும். கோட்டைத் தாண்டி வளர்ந்திருந்தால் கொத்தனாரைக் கூப்பிடாதீர்கள், பொறியாளரைக் கூப்பிடுங்கள். அங்கே பிரச்சினை அஸ்திவாரத்தில் இருக்கிறது.

தூணிலோ சன்ஷேடு அடியிலோ கம்பி போகும் பாதையில் விரிசலும் பழுப்புக் கறையும் சேர்ந்து தெரிந்தால் தள்ளிப் போடவே கூடாது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளேயிருந்து கான்கிரீட்டையே நெம்பித் தள்ளிவிடும். மேலே கலவையை அப்பி மூடினால் துரு உள்ளே தன் வேலையைத் தொடரும். கம்பி தெரிகிற வரை உடைத்து, துருவைச் சுரண்டி எடுத்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்த பிறகுதான் மூட வேண்டும்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். வெளிப்பூச்சு கெட்டுப்போன பத்து வீட்டைக் காட்டினால், பெரும்பாலும் நான் முதலில் மொட்டை மாடிக்குத்தான் ஏறுவேன். கைப்பிடிச் சுவரின் தலையில் பூச்சு வெடித்திருக்கும். மழைநீர்க் குழாய் சுவரை விட்டு விலகாமல், ஒழுகுவதையெல்லாம் சுவர் மேலேயே விட்டுக்கொண்டிருக்கும். குழாய் இடுக்கில் ஓர் அரசங்கன்று காக்கை புண்ணியத்தில் முளைத்திருக்கும். அதை அரிவாளால் சீவிவிட்டால் அடுத்த ஐப்பசியில் இரண்டாகத் துளிர்க்கும். வேர் வரை தோண்டித்தான் எடுக்க வேண்டும். சன்ஷேடின் அடியில், விளிம்பை ஒட்டி விரல் அகலத்துக்கு ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், இருக்கிறதா என்றும் பார்ப்பேன். அந்தக் காடி இருந்தால் மழைத்துளி அங்கேயே சொட்டிவிடும். இல்லாவிட்டால் அடிப்பக்கமாகவே நடந்து வந்து ஜன்னலுக்கு மேலே சுவருக்குள் இறங்கும். காடிக்குச் செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை, பூசும்போது கரண்டி நுனியால் இழுக்கிற வேலை. ஆனால் பத்தில் ஏழு வீட்டில் அதை நான் பார்த்ததில்லை.

மேலிருந்து வரும் தண்ணீர் இப்படி என்றால், கீழிருந்து ஏறுவது ஓதம். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலச் செங்கல் மண்ணின் ஈரத்தை இழுக்கும். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை பூச்சு பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்து, கை வைத்தால் மாவாக உதிர்கிறதே, அது இதுதான். ஈரம் வெளியே வந்து காய்ந்துவிடும், அதோடு வந்த உப்பு போக வழியில்லாமல் பூச்சுக்குள்ளேயே பளிங்காகப் படிந்து அதை உடைக்கும்.

இதில் நானே பட்ட அடி ஒன்று உண்டு. எங்கள் தாத்தா காலத்து வீடு காவிரிக் கரையில். மெல்லிசான பழைய செங்கல், சுண்ணாம்புக் காரை. படித்துவிட்டு வந்த புதிதில் எனக்குச் சிமெண்டைத் தவிர வேறு தெய்வம் கிடையாது. தெருப்பக்கச் சுவரில் அடிப்பாகம் உதிர்ந்திருந்தது. பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டு, சிமெண்டை அள்ளிப் போட்ட கெட்டிக் கலவையில் பூசி, பட்டி பார்த்து, விலை உயர்ந்த பெயிண்டும் அடித்தேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு மழைக்காலம் போனது. வெளியே இடுப்பு உயரத்தில் நின்ற ஈரம், கூடத்துப் பக்கம் ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டது. வெளிப்பூச்சோ அப்பளம் போல உப்பி, ஒருநாள் தகடு தகடாகத் திண்ணையில் விழுந்தது. விழுந்த தகட்டின் பின்பக்கத்தில் செங்கல்லின் தூளும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதாவது பூச்சு தான் மட்டும் போகவில்லை, சுவரையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு போனது.

காரணம் எளிது. சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். சுவர் குடித்த ஈரத்தை வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். கெட்டியான சிமெண்ட் அந்த வாசலை அடைத்துவிடுகிறது. ஈரம் வேறு வழி தேடி மேலே ஏறும், உள்பக்கமாக வரும். பழைய செங்கல்லும் மென்மையானது. அதைவிடக் கடினமான தோலை அதன் மேல் போர்த்தினால் இரண்டும் ஒத்துப்போகாது. அந்தச் சுவரை ஒரு கோடை முழுக்கப் பூச்சில்லாமல் காயவிட்டு, ஊறவைத்த சுண்ணாம்பும் மணலும் கலந்து மறுபடி பூசினோம். பூசியவர் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைச் சேர்த்துக் குழைத்தார். மெதுவாகத்தான் இறுகியது. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு கல்லாக வேண்டும், அதை அவசரப்படுத்த முடியாது. பழைய காரை வீடு வைத்திருப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: ஒட்டுப் போடுவதானாலும் சுண்ணாம்பிலேயே போடுங்கள்.

இனி சிமெண்ட் பூச்சுக்கு ஒட்டுப் போடும் முறை. சாக்பீஸ் வட்டம் போட்ட இடத்தைச் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ வெட்டி எடுங்கள். சத்தம் நல்லபடியாகக் கேட்கும் இடம் வரை போக வேண்டும். "இவ்வளவு போதும் சார்" என்று பாதியில் நிறுத்தினால் ஒட்டின் ஓரத்திலேயே மறுபடி விரியும். செங்கல் இணைப்புகளை ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி, தூசியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கான்கிரீட் பரப்பாக இருந்தால், பூச்சு பிடிக்கும்படி உளியால் நெருக்கமாகக் கொத்து விட வேண்டும்.

மணலையும் சோதித்துவிடலாம். கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், மீதி உப்புத் தண்ணீர், நன்றாகக் குலுக்கிவிட்டு மூன்று மணி நேரம் அப்படியே வையுங்கள். மணலுக்கு மேலே படியும் வண்டல், மணல் உயரத்தில் 8 சதவீதத்தைத் தாண்டினால் அந்த லோடு பூச்சுக்கு ஆகாது. கல்லை உடைத்துச் செய்யும் எம் சாண்டிலேயே கான்கிரீட்டுக்கு வருவது வேறு, பூச்சுக்கு வருவது வேறு. கேட்டு வாங்குங்கள்.

சுவரை முதல் நாளே நனைத்து, பூசும்போது மேலே தண்ணீர் மினுங்காமல் உள்ளே மட்டும் ஈரம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ந்த சுவர் கலவையின் தண்ணீரைக் குடித்துவிடும். சிமெண்டைத் தண்ணீரில் கரைத்த சிமெண்ட் பால் அடித்து, அது காய்வதற்குள் ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் கலவையில் முதல் பூச்சு 12 மில்லிமீட்டர், அதைக் கீறிவிட்டு மறுநாள் 8 மில்லிமீட்டர். 20 மில்லிமீட்டரையும் ஒரே மூச்சில் அப்பினால் தன் பாரத்தில் தானே தொங்கும். கலவை குழைத்து அரை மணி நேரத்துக்குள் சுவரில் ஏறிவிட வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து, இறுகத் தொடங்கிய கலவையில் ஒரு மக் தண்ணீர் ஊற்றிக் கிளறுகிறார்களா என்று மட்டும் பாருங்கள். அந்தக் கலவைதான் அடுத்த வருடம் 'டொப்' என்று பேசும்.

ஏழு நாளாவது தண்ணீர் காட்டுங்கள், வெயில் அடிக்கும் பக்கமானால் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். பெயிண்டுக்கு ஒரு மாதமாவது பொறுங்கள். புதுப்பூச்சின் காரம் அடங்குவதற்குள் அடித்த நிறம் திட்டுத் திட்டாக வெளுக்கும். வேலைக்கு நல்ல காலம் மாசி, பங்குனி. தீபாவளிக்கு வீடு புதிதாகத் தெரிய வேண்டும் என்று புரட்டாசிக் கடைசியில் ஆரம்பிப்பதுதான் நம் வழக்கம், வடகிழக்குப் பருவமழை சாரத்தின் மேலேயே வந்து நிற்கும்.

சாரம் என்றதும் ஒன்று. அதைப் பிரிப்பதற்கு முன்னால் நாணயத்தோடு நீங்களே ஏறி, அல்லது ஏற முடிகிறவர் ஒருவரை ஏற்றி, ஒட்டுப் போட்ட இடத்தையெல்லாம் ஒரு முறை தட்டிப் பாருங்கள். மேஸ்திரி முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். பிரித்த பிறகு தெரிந்தால் மறுபடி சாரக்கூலி உங்களுடையது.

வணக்கம்.