இதயம் தாளம் தப்பாமல் துடித்தால்

நேயர்களுக்கு வணக்கம். ஐசியூவில் பல வருடம் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு, இப்போது நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன்.

“கிருமி ரத்தத்துல கலந்துடுச்சு.” ஐசியூ வாசலில் நிற்கும் உறவினர்களிடம் செப்சிஸை இப்படித்தான் சொல்லிவருகிறோம். அதில் பாதிதான் உண்மை. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு நிலை தடுமாறித் தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்வதுதான் செப்சிஸ். 2016-ல் வந்த சர்வதேச வரையறையும் இதைத்தான் சொல்கிறது. 2017-ல் மட்டும் உலகம் முழுக்க ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் பேர் இதில் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது இது. குடல் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், ஐம்பது வயதிருக்கும் ஒருவர். சாயங்காலம் பார்க்க வந்த அவர் மனைவி, “சிஸ்டர், இவரு இவரு மாதிரியே இல்ல” என்றார். ராத்திரி 11 மணிக்கு பிபியின் மேல் எண் 108, நாடி 112, மூச்சு நிமிடத்துக்கு 24. சிறுநீர் முந்தைய மணி நேரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. விரல் நுனி சில்லென்று இருந்தது, போர்வை ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். என் மனசு ஒப்பவில்லை. ஆனால் டாக்டரை எழுப்பி என்னவென்று சொல்வது? எந்த எண்ணும் தனியாகப் பார்த்தால் பயமுறுத்தவில்லை. காத்திருந்தேன். விடிகாலை 5 மணிக்கு பிபி 70-க்கு விழுந்தது. அவர் பிழைக்கவில்லை.

அன்றைக்கு என்னிடம் இல்லாத வார்த்தைகளைப் பிற்பாடு ‘காம்ப்ளெக்சிட்டி சயின்ஸ்’ கொடுத்தது. பல பாகங்கள் ஒன்றையொன்று பாதித்துக்கொண்டே இயங்கும் அமைப்புகளைப் படிக்கிற துறை அது. செப்சிஸில் ரத்த நாளம் தளர்ந்து கசிகிறது. இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டுகிறது. ரத்தத்தில் அமிலம் ஏறுகிறது. நுரையீரல் மூச்சைக் கூட்டிச் சமாளிக்கிறது. தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து மூளைக்குத் திருப்புகிறது உடம்பு. ஒன்றை ஒன்று தாங்கிப் பிடிப்பதால் பிபி வெகுநேரம் சரியாகவே தெரியும். தாங்குகிற தெம்பு தீர்ந்ததும் மொத்தமும் ஒரேயடியாகச் சரியும். இத்தனை பின்னலில் ஒரே ஒரு இழையைப் பிடித்து நிறுத்தும் மருந்துகள் எடுபடவில்லை. 2001-ல் அமெரிக்காவில் பெரிய நம்பிக்கையோடு அனுமதித்த ட்ரோட்ரெகோஜின் ஆல்ஃபா, பலன் இல்லை என்று தெரிந்து 2011-ல் திரும்பப் பெறப்பட்டது.

இப்போதே மணிக்கட்டில் விரல் வைத்து, மூச்சை ஆழமாக இழுத்து விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது தணியும். இளம் வயதினருக்கு நன்றாகவே தெரியும். நல்ல இதயம் கடிகாரம் மாதிரி துடிப்பதில்லை. நுரையீரலோடும் நரம்புகளோடும் பேசிக்கொண்டே துடிக்கிறது. செப்சிஸில் இந்தப் பேச்சு அறுந்து உறுப்புகள் தனித்தனியாகப் பிரிந்துபோகின்றன என்ற கருத்தை திமதி புக்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், சக ஆய்வாளருடன் 1996-ல் முன்வைத்தார். துடிப்பு தாளம் தப்பாமல் ஒரே சீராகிவிட்டால் அதுவே கவலைப்பட வேண்டிய சேதி.

இதைக் குறைமாதக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். 1500 கிராமுக்கும் குறைந்த எடையோடு பிறந்த 3003 குழந்தைகள். துடிப்பின் ஏற்ற இறக்கம் குறைகிறதா, நடுநடுவே தொய்கிறதா என்று கணக்கிட்டு, பாதிப் பேருக்கு அந்த எண்ணை மட்டும் திரையில் காட்டினார்கள். இன்ன சிகிச்சை கொடு என்று கட்டாயம் எதுவும் இல்லை. முடிவு 2011-ல் வெளியானது: இறப்பு 10.2 சதவீதத்திலிருந்து 8.1 ஆகக் குறைந்திருந்தது. எண்ணைப் பார்த்த யாரோ ஒரு நர்ஸ், யாரோ ஒரு டாக்டர், இன்குபேட்டர் பக்கத்தில் போய் நின்று அந்தக் குழந்தையை இன்னொரு முறை பார்த்திருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நம் வார்டுகள் பலவற்றில் அந்தக் கருவி இல்லை. சரி, சார்ட் இருக்கிறதே! பிபிக்கு ஒரு வரிசை, நாடிக்கு ஒரு வரிசை என்று குறிக்கிறோம். வரிசை வரிசையாகவே படித்தும் விடுகிறோம். என் மாணவிகளிடம் மேலிருந்து கீழே படிக்கச் சொல்கிறேன். ஒரே மணி நேரத்தில் நாடியும் மூச்சும் ஏற, சிறுநீர் குறைகிறதா? நாடி பிபியின் மேல் எண்ணைத் தாண்டிவிட்டதா? அப்புறம் விரல் நுனியை 10 விநாடி அழுத்தி விடுங்கள். சிவப்பு திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆகிறதா? முழங்காலில் கருஞ்சிவப்புத் திட்டு படர்கிறதா? இவற்றைச் சேர்த்துச் சொன்னால், “பிபி நார்மல்தானே” என்று யாரும் போனை வைக்க முடியாது.

உங்கள் வீட்டுக்காரர் ஐசியூவில் இருந்தால், அவர் வழக்கமாக எப்படிப் பேசுவார், எப்படிப் பார்ப்பார் என்பது எங்கள் மானிட்டருக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். “இவரு இவரு மாதிரியே இல்ல” என்று தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள். என் மாணவிகள் அதை மணி குறித்து, பிபிக்குக் கீழேயே எழுதிவைக்கிறார்கள்.