பட்டத்தோடு பணிப் பழக்கமும் வேண்டும்
(கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் வேலைவாய்ப்பு வழிகாட்டு நாளில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய கல்லூரிச் செயலர் அவர்களே, இந்நாளை முன்னின்று ஒருங்கிணைத்த முதல்வர் அவர்களே, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து வருகை தந்திருக்கும் உதவி இயக்குநர் அவர்களே, சிறுதொழில் முனைவோர் சங்கத் தலைவர் அவர்களே, துறைத் தலைவர்களே, பேராசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, இறுதியாண்டு மாணவ மாணவியரே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

முதலில் மூவருக்கு நன்றி சொல்லியாக வேண்டும். கணக்கு முடிக்கும் மாதக் கடைசியில் ஒரு தொழிலதிபர் தம் ஆலையை விட்டு அரை நாள் வெளியே வருவது எளிதன்று. ஆயினும் சங்கத் தலைவர் அவர்கள் தாம் வந்ததோடு, உறுப்பினர்கள் பலரையும் உடன் அழைத்து வந்து முன்வரிசையில் அமர்த்தியிருக்கிறார்கள். உதவி இயக்குநர் அவர்கள், விழா முடிந்த பின்னும் இருந்து மாணவர்களின் ஐயங்களுக்கு விடை அளிப்பதாக மேடைக்கு வரும் முன்பே என்னிடம் சொன்னார்கள். செயலர் அவர்களோ, பெற்றோரையும் இந்த அரங்குக்கு அழைக்க வேண்டும் என்ற என் வேண்டுகோளை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார்கள். பிள்ளைகளின் வேலையைப் பற்றிய முடிவு பெரும்பாலும் வீட்டுக் கூடத்தில் எடுக்கப்படுகிறது என்பதால் அந்த வேண்டுகோளை வைத்தேன்.

இன்று மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணியிருக்கிறேன். எந்த வேலைகள் சுருங்குகின்றன என்பது ஒன்று. எவை வளர்கின்றன என்பது இரண்டாவது. உங்களுக்கு எஞ்சியிருக்கும் இந்த ஓராண்டில் என்ன செய்யலாம் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் அடிப்படையாக, நம் வீடுகளில் காலங்காலமாக வழங்கிவரும் ஒரு பழமொழியை முன்வைக்கிறேன்: சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்.

கல்லூரிக்குள் பிள்ளைகளைக் கொண்டுவருவதில் தமிழ்நாடு பெருமைப்படத்தக்க இடத்தில் இருக்கிறது. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது கல்லூரி வயதினரின் தொகையோடு ஒப்பிட்ட சேர்க்கை, நாடு முழுவதற்கும் 28.4 விழுக்காடாக இருந்தபோது நம் மாநிலத்தில் அது 47 விழுக்காடு. முதல் தலைமுறைப் பட்டதாரிகளை இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் உருவாக்கிய ஒரு சமுதாயம், அவர்களின் வேலையைப் பற்றியும் அதே அளவு கவலைப்பட வேண்டாமா? படிப்பு ஏற ஏற வேலையின்மை விகிதமும் ஏறி நிற்பதை நாட்டின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு தொடர்ந்து காட்டிவருகிறது. 2024ஆம் ஆண்டு அரசுப் பணியாளர் தேர்வாணையம் குரூப்-4 தேர்வை அறிவித்தபோது குறிப்பிடப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். காலியிடங்கள் பின்னர் உயர்த்தப்பட்டன என்பது உண்மையே. ஆனால், பத்தாம் வகுப்புத் தேர்ச்சியைத் தகுதியாகக் கொண்ட அத்தேர்வில் பட்டம் பெற்றவர்களும் முதுகலை முடித்தவர்களும் வரிசையில் நிற்பதை நாம் பழகிப்போன காட்சியாகப் பார்க்கத் தொடங்கிவிட்டோமே, அதுதான் என்னை வருத்துகிறது.

தனியார் துறையில் நிலை என்ன? 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் பொதுமக்களின் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்பே தரவுப் பதிவு, பட்டியல் சரிபார்த்தல், வாடிக்கையாளரின் வழக்கமான கேள்விகளுக்கு விடை சொல்லுதல் முதலிய பணிகள் மெல்ல மெல்ல இயந்திரத்தின் கைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. அதன் பிறகு வேகம் கூடிவிட்டது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் பணியாளர்களில் சுமார் 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000 பேருக்கு மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது பல பெற்றோர் கலங்கிப்போயினர். அந்த அறிவிப்பு பெரிதும் நடுநிலை, மேல்நிலைப் பணியாளர்களைப் பற்றியது. புதிதாக வேலைக்கு வருபவர்களைத் தாக்கும் மாற்றமோ, இப்படி அறிவிப்பு எதுவும் இல்லாமலேயே நடக்கிறது.

அதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஓர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்குச் சிறுசிறு வேலைகளைக் கொடுப்பார்கள். பில்களை அடுக்கச் சொல்வார்கள், கடிதத்துக்கு வரைவு எழுதச் சொல்வார்கள், இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வார்கள். அந்த வேலைகளால் நிறுவனத்துக்குக் கிடைத்த பயன் சிறிது. ஆனால் அவற்றைச் செய்து செய்துதான் புதியவர் தொழிலைக் கற்றார். இன்று அந்தச் சிறு வேலைகளையே மென்பொருள் செய்துவிடுகிறது. ஆகவே, ஏணியின் முதல் படியை யாரோ கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டதைப் போன்ற நிலையில் நம் பட்டதாரி நிற்கிறார். நிறுவனமோ அனுபவம் உள்ளவர் வேண்டும் என்கிறது. அனுபவத்தை எங்கே போய்ப் பெறுவது என்று பிள்ளை கேட்டால், அதற்கு விடை சொல்ல வேண்டிய பொறுப்பு கல்லூரிக்கும் தொழிற்கூடத்துக்கும் அரசுக்கும் உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பி.காம். படிப்பில் முதல் வகுப்பு. ஒரு நிறுவனம் கொள்முதலில் கட்டிய ஜி.எஸ்.டி.யைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதை உள்ளீட்டு வரி வரவு என்பார்கள். அதைப் பெறுவதற்கான நிபந்தனைகளைக் கேட்டால் பிரிவு எண்ணோடு ஒப்பிப்பார். ஒரு தணிக்கையாளர் அலுவலகத்துக்கு நேர்காணலுக்குப் போனார். அங்கிருந்தவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. டேலி என்னும் கணக்கு மென்பொருளிலிருந்து எடுத்த கொள்முதல் பதிவேடு ஒன்றையும், விற்பனையாளர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும், ஜி.எஸ்.டி. தளத்திலிருந்து இறக்கிய ஜி.எஸ்.டி.ஆர்-2பி அறிக்கை ஒன்றையும் மேசைமேல் வைத்து, இரண்டையும் பொருத்திப் பார்த்து எது ஏன் ஒத்துவரவில்லை என்று எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். பதிவேட்டில் பில் எண் 147 என்று இருக்கிறது. அறிக்கையில் அதுவே முன்னால் ஒரு சுழியத்தோடு 0147 என்று இருக்கிறது. இரண்டும் ஒரே பில்லா, வேறுவேறா? ஒரு பில் பதிவேட்டில் இருக்கிறது, அறிக்கையில் இல்லவே இல்லை. குற்றம் யாருடையது? அந்தப் பெண் அரை மணி நேரம் அந்தத் தாள்களைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கண் கலங்க எழுந்து வந்துவிட்டார். மூன்றாண்டுப் படிப்பில் ஒரு நாள்கூட அப்படி இரண்டு தாள்களை அவர் கண்ணில் காட்டியவர் இல்லை.

வீட்டில் எம்.காம். சேர்க்கலாம் என்றார்கள். நான்தான் பெற்றோரிடம் பேசி, கோவையில் பம்பு உதிரி பாகம் செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஓராண்டுத் தொழில் பழகுநராக, அதாவது உதவித்தொகை பெற்று வேலை செய்தபடியே தொழில் கற்பவராக, சேர்க்கச் செய்தேன். முதல் மாதம் முழுவதும் பில்களைத் தேதிவாரியாகக் கோப்பில் இடுவதுதான் வேலை. இதற்கா பட்டம் படித்தாய் என்று உறவினர் கேட்டார்கள். அங்கே இருந்த மூத்த கணக்கர், பெரிய படிப்பு எதுவும் படிக்காதவர், அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார். மாதம் 14ஆம் தேதி 2பி அறிக்கை உருவாகும். 20ஆம் தேதிக்குள் மாத வரிக் கணக்கான 3பி படிவம் தாக்கல் செய்தாக வேண்டும். இடையில் இருக்கும் அந்த ஆறு நாட்களில், எந்த விற்பனையாளரைத் தொலைபேசியில் அழைப்பது, அவரிடம் எப்படிப் பேசுவது, எவருடைய பில்லுக்குப் பணத்தை நிறுத்திவைப்பது என்பதெல்லாம் எந்தப் பாடநூலிலும் இல்லாத பாடம் அல்லவா?

ஒரு மாதம், மூன்று லட்சம் ரூபாய் வார்ப்புச் சரக்குக்கான பில் அறிக்கையில் வரவில்லை. 18 விழுக்காடு வரி என்றால் 54,000 ரூபாய் வரவு நின்றுபோகும். விற்பனையாளர் தாக்கல் செய்யவே இல்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அந்தப் பெண் மட்டும் அவரை அழைத்து, தாக்கல் செய்த படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி, வரிவரியாகப் பார்த்திருக்கிறார். கிட்டத்தட்ட இவர்கள் நிறுவனத்தின் பெயரிலேயே உள்ள வேறொரு நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண்ணில் அந்த பில் ஏறியிருந்தது! அடுத்த மாதப் படிவத்தில் அவரைத் திருத்தச் சொல்லி, வரவும் வந்து சேர்ந்தது. பயிற்சி முடிந்த நாளில் நிறுவன உரிமையாளர் அந்தப் பெண்ணின் தந்தையை அழைத்து, “உங்கள் மகளை வெளியே அனுப்பினால் எனக்குத்தான் நட்டம், இங்கேயே இருக்கட்டும்” என்றாராம். இன்று அந்த நிறுவனத்தில் பில்களைப் பொருத்திப் பார்க்கும் வேலையை மென்பொருள்தான் செய்கிறது. அது சில நொடிகளில் பொருந்தாதவற்றை எடுத்துக் கொடுத்துவிடும். அவற்றில் எது எழுத்துப் பிழை, எது ஏமாற்று, எதற்கு யாரிடம் பேச வேண்டும் என்று முடிவு செய்பவர் அந்தப் பெண். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்றார்களே, கணக்கும் அப்படித்தான்.

எண்ணிப் பாருங்கள். மருத்துவம் படித்தவர் ஓராண்டு மருத்துவமனையில் பயிற்சி பெறாமல் மருத்துவராகப் பதிவு செய்துகொள்ள முடியாது. பட்டயக் கணக்கராக வேண்டுமென்றால், தணிக்கையாளரிடம் இரண்டாண்டு ஆர்டிகிள் பயிற்சி பெற வேண்டும். பி.எட். மாணவர் பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். நம் பி.காம்., பி.எஸ்சி., பி.ஏ. மாணவர்கள் மட்டும், தம் கையால் ஒரு நாள்கூட வேலை செய்து பார்க்காமல் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேறுவது எந்த வகையில் நியாயம்? இவர்கள்தானே எண்ணிக்கையில் மிகுதி. இவர்களில்தானே ஏழைப் பிள்ளைகள் மிகுதி.

இதற்குச் சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தொழில் பழகுநர் சட்டம் 1961ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. 1973இல் பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயதாரிகளையும் அதில் சேர்த்தார்கள். 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் கதவு திறந்தது. 2019இல் திருத்திய விதிகளின்படி, 30 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனம், தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் 9,000 ரூபாய் குறைந்தபட்ச உதவித்தொகை என்றும் அந்த விதிகள் வரையறுத்தன. தேசியத் தொழில் பழகுநர் பயிற்சித் திட்டத்தின்கீழ், குறைந்தபட்சத் தொகையில் பாதியை அரசு ஏற்கிறது. தென்மாநிலங்களுக்கான தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில்தான் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவும், பட்டப் படிப்புக்குள்ளேயே பழகுநர் பயிற்சியை இணைத்து அதற்கு மதிப்பெண் அலகு (கிரெடிட்) தரும் வழிகாட்டு நெறிகளை 2020ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. இவ்வளவும் இருந்தும், கலை அறிவியல் கல்லூரிகளுக்குப் போகும்போதெல்லாம் தொழில் பழகுநர் பயிற்சி என்றால் தெரியுமா என்று கேட்கிறேன், ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு உரியதுதானே என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது.

எதிர்க்கருத்து ஒன்றையும் இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். பழகுநர் என்ற பெயரில் குறைந்த கூலிக்கு ஆளை வைத்துக்கொள்வார்கள் என்று தொழிற்சங்கத் தோழர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு இடம் இருக்கிறது. சட்டப்படி பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளர் அல்லர். பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தாக வேண்டும் என்ற பொதுக் கட்டாயமும் முதலாளிக்கு இல்லை. என்ன கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கேட்க ஆள் இல்லாவிட்டால், பிள்ளை ஓராண்டு முழுவதும் நகல் எடுத்துக்கொண்டே காலம் கழிப்பார். அதனால்தான் இந்தப் பயிற்சி கல்லூரியின் பொறுப்பில் நடக்க வேண்டும் என்று நான் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிவருகிறேன். மாதம் ஒருமுறை ஒரு பேராசிரியர் தொழிற்கூடத்துக்கு நேரில் போய், மாணவரின் பணிக் குறிப்பேட்டைப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். ஜெர்மனியில் 1969ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டம் முதலாளியின் கடமைகளையும் பயிலுநரின் உரிமைகளையும் வரையறுத்து வைத்திருக்கிறது. அங்கே பயிலுநர் வாரத்தில் சில நாட்கள் தொழிற்கூடத்திலும் சில நாட்கள் தொழிற்பள்ளியிலும் கற்கிறார். கற்றுக்கொடுப்பதைத் தன் கடமையாக ஏற்ற முதலாளி அங்கே இருக்கிறார் என்றால், இங்கே முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்களும் ஏற்பார்கள் என்று நம்புகிறேன்.

வளரும் துறைகளைப் பற்றிச் சொல்வதாகக் கூறியிருந்தேன். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மின்னணு உற்பத்தியும் மின்வாகன உற்பத்தியும் பெருகுகின்றன. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்பாஸ்ட் மின்வாகன ஆலை திறக்கப்பட்டது. சென்னையிலும் கோவையிலும் பன்னாட்டு நிறுவனங்கள் தம் உலகளாவிய அலுவலகப் பணிகளைச் செய்ய அமைக்கும் உலகளாவிய திறன் மையங்கள் வருகின்றன. இங்கெல்லாம் பொறியாளருக்கு மட்டுந்தான் வேலை என்று எண்ணிவிடாதீர்கள். தரப் பதிவு, கொள்முதல், சரக்குப் போக்குவரத்து, ஏற்றுமதி ஆவணம் ஆகிய பணிகளுக்குக் கலை அறிவியல் பட்டதாரிகள் தேவை. ஒவ்வொரு துறையையும் விரித்துச் சொல்லத் தனி அரங்கே வேண்டும். ஆனால் எந்தத் துறைக்குப் போனாலும் முதல் கேள்வி, இந்த வேலையை முன்பே செய்து பார்த்திருக்கிறீர்களா என்பதாகத்தான் இருக்கும். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்பதை நேர்காணலுக்கு முதல் நாள் இரவு நினைத்துப் பயனில்லை. இறுதியாண்டின் முதல் பருவத்திலேயே நினைக்க வேண்டும்.

மாணவச் செல்வங்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். பட்டச் சான்றிதழ் கைக்கு வந்ததும் அரசின் பழகுநர் பயிற்சி இணையதளத்தில் உங்கள் பெயரைப் பதிவு செய்யுங்கள். ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன், பயிற்சிக் காலம், உதவித்தொகை, எந்தப் பிரிவில் என்ன கற்பிப்பார்கள் என்ற மூன்றும் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். உதவித்தொகை உங்கள் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். ரொக்கமாகத் தருகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நடுவில் ஒரு தேர்வு அறிவிப்பு வந்துவிட்டது என்று பயிற்சியைப் பாதியில் விட்டுவிடாதீர்கள். முடித்தால்தான் தேர்ச்சிச் சான்றிதழ் கிடைக்கும்.

செயலர் அவர்களிடமும் முதல்வர் அவர்களிடமும் இந்த மேடையிலேயே இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். வரும் கல்வியாண்டு முதல் இக்கல்லூரியில் தொழில் பழகுநர் பயிற்சிக்கென்று ஒரு பேராசிரியரைப் பாட வேளையில் சலுகை கொடுத்து நியமியுங்கள். குறைந்தது ஒரு துறையிலாவது ஒரு பருவத்தைப் பணியிடப் பயிற்சிக்கு ஒதுக்கப் பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள். சங்கத் தலைவர் அவர்களுக்கும் ஒன்று: அரங்கின் வாயிலில் ஒரு படிவம் வைத்திருக்கிறோம். உங்கள் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் எந்தப் பிரிவில் எத்தனை பழகுநர்களை எடுத்துக்கொள்வார்கள் என்று அதில் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டும். அந்தப் பட்டியல் நாளைக் காலை இக்கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் என்று முதல்வர் அவர்கள் எனக்கு உறுதி அளித்திருக்கிறார்கள். உதவி இயக்குநர் அவர்கள் இப்போது உங்கள் கேள்விகளுக்கு விடை அளிப்பார்கள். நன்றி, வணக்கம்.