பார்த்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வர வேண்டும்

வணக்கம். ஹட்டன், கொட்டகலை, பொகவந்தலாவைப் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் பெற்றோருக்கும் அதிபர்மாருக்கும் டீச்சர்மாருக்கும் முதலில் நன்றி. நம்முடைய பாடசாலைகள் பல பின்தங்கி இருக்கின்றன என்று சொல்ல இன்னொரு மேடை தேவையில்லை. அப்படிப்பட்ட பாடசாலையை யார் வந்து பார்க்கிறார்கள், பார்த்த பிறகு என்ன செய்கிறார்கள், அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

பாடசாலைகளை மதிப்பிடும் முறை எழுத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. பாடசாலை முதலில் தன்னைத்தானே மதிப்பிட வேண்டும், அப்புறம் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு குழு வந்து வெளிவாரி மதிப்பீடு செய்யும். மாணவர் அடைவு, கற்றல் கற்பித்தல், கலைத்திட்டம், இணைப்பாடவிதானம், மாணவர் நலன், தலைமைத்துவம், பௌதிக வளம், சமூகத் தொடர்பு என்று 8 துறைகள். அதை வைத்து ஐந்தாண்டுத் திட்டத்தையும் வருடாந்தத் திட்டத்தையும் திருத்த வேண்டும். சரி. ஆனால் குழு வரப்போகிறது என்று தெரிந்ததும் இரண்டு கிழமையாகக் கோப்பு ஒழுங்குபடுத்துகிறோம், சுவருக்கு சார்ட் ஒட்டுகிறோம், அந்த இரண்டு கிழமையும் தரம் 3 பிள்ளைகள் டீச்சர் இல்லாத வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரிய ஆலோசகராக வேலை செய்தவள் என்பதால் குழுவில் போகிறவர்களுக்கும் சொல்கிறேன்: கோப்பை அப்புறம் பாருங்கள், முதலில் பின்வரிசைப் பிள்ளையின் கொப்பியை வாங்கிப் பாருங்கள், அந்தப் பிள்ளையை ஒரு பந்தி வாசிக்கச் சொல்லுங்கள். தரம் 11இல் எழுதும் ஓ.எல் பரீட்சையில், கணிதத்தில் ஏன் இத்தனை பேர் விழுகிறார்கள் என்பதற்குப் பாதி பதில் அங்கேயே கிடைக்கும்.

பரீட்சைப் பெறுபேற்றை வைத்து மட்டும் தேயிலைத் தோட்டப் பாடசாலையை அளப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று யோசித்துப் பாருங்கள். தரம் 5 புலமைப்பரிசிலில் சித்தியடைந்த பிள்ளையை டவுன் பாடசாலைக்கு அனுப்பிவிடுகிறோம், அனுப்ப வேண்டியதுதான், எந்தத் தாய் மாட்டேன் என்பாள்? ஆனால் ஆறு வருடம் கழித்து அந்தப் பிள்ளை எடுக்கும் ஏ எல்லாம் டவுன் பாடசாலையின் கணக்கில் ஏறுகிறது, அந்தப் பிள்ளைக்கு ஆனா ஆவன்னா எழுதப் பழக்கிய டீச்சரின் பாடசாலை பட்டியலில் கீழேயே கிடக்கிறது. கற்பித்தல் பொருட்கள் வாங்க அரசு கொடுக்கும் தர உள்ளீட்டுப் பணமும் பெரும்பாலும் மாணவர் தொகையைப் பார்த்துத்தான் வருகிறது, அதனால் பிள்ளைகள் குறையக் குறைய பணமும் குறைகிறது. ஒரு பிள்ளை எந்த நிலையில் வந்து சேர்ந்தது, இப்போது எங்கே நிற்கிறது என்று பார்க்காத மதிப்பீட்டை நான் மதிப்பீடு என்று ஏற்கமாட்டேன்.

லண்டனில் 2003 முதல் 2011 வரை லண்டன் சேலஞ்ச் என்று ஒரு வேலைத்திட்டம் நடந்தது. பலவீனமான அரசாங்கப் பாடசாலையோடு அனுபவமுள்ள ஆலோசகர் ஒருவரைச் சேர்த்துவிட்டார்கள், அவர் திரும்பத் திரும்ப வந்தார். நன்றாக நடக்கும் பாடசாலையின் அதிபரும் ஆசிரியர்களும் மற்றப் பாடசாலைகளோடு சேர்ந்து வேலை செய்தார்கள். லண்டன் பெறுபேறுகள் நன்றாகவே ஏறின, வேறு காரணங்களும் உண்டு என்று ஆய்வாளர்கள் வாதிடுவார்கள், அது இருக்கட்டும். அதே இங்கிலாந்தில் பரிசோதகர்கள் அரசாங்கப் பாடசாலை முழுவதற்கும் ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதும் வழக்கத்தை 2024 செப்டெம்பரில் கைவிட்டார்கள். இங்கே ஹைலண்ட்ஸ் கல்லூரி மாதிரி ஒரு பாடசாலையின் கணித ஆசிரியர் மாதத்தில் இரண்டு நாள் மஸ்கெலியா மேல்தோட்டத்துப் பாடசாலையில் அங்குள்ள டீச்சரோடு ஒரே வகுப்பில் நின்று படிப்பித்தால் என்ன? பஸ் செலவை வலயம் கொடுக்கட்டும்.

நம்மிடமே உதாரணம் இருக்கிறது. 1970களில் அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியபோது பல இடங்களில் ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர்தான். 1980களின் நடுவிலிருந்து சுவீடன் அரசின் உதவி நிறுவனமான சீடாவின் உதவி வந்தது, கட்டிடமும் ஆசிரியர் பயிற்சியும் ஒன்றாக வந்தன. பிறகு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. இந்த மண்டபத்தில் இருக்கும் டீச்சர்மாரில் எத்தனை பேர் அங்கே படித்தவர்கள் என்று கை தூக்கச் சொன்னால் தெரியும். ஆனால் அப்புறம் ஆசிரிய உதவியாளர்களை எடுத்தபோது மாதம் 6,000 ரூபாய் கொடுத்தோம், பிறகு 10,000. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே போதாத காசு. அவர்களை அந்த நிலையில் வைத்துக்கொண்டு பாடசாலை ஏன் முன்னேறவில்லை என்று அறிக்கை எழுதுவது சரியே இல்லை. பின்தங்கிய பாடசாலைக்குப் போகிற ஆசிரியருக்கு விடுதி வேண்டும், வெற்றிடத்துக்கு ஆள் வந்த பிறகுதான் இருப்பவருக்கு இடமாற்றம் என்ற உறுதியும் வேண்டும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் அப்பாமார் அம்மாமாரிடம் ஒன்று கேட்கிறேன். மதிப்பீட்டு அறிக்கை வந்ததா என்று அதிபரிடம் கேளுங்கள், வந்திருந்தால் கூட்டத்தில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். யார், எந்த மாதம் திரும்பி வருவார்கள் என்று கேட்டுக் கூட்டக் குறிப்பில் எழுத வையுங்கள். அதிபர்மாரே, அந்தக் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைக்காதீர்கள், ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும் என்றால் கொழுந்து பறிக்கும் அம்மா எப்படி வருவாள்? கொழுந்தை எடை போட்டு முடிந்த பிறகு, மாலையில் வையுங்கள்.